வண்டலின் கணக்கு

காவிரியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை ஒருசேரப் பார்க்கிறபோது எனக்கு ஒன்று உறுத்துகிறது. அவள் தாய், பெண், தெய்வம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். ஆடி மாதப் புதுப்புனலின் கலங்கல் நிறத்தைச் சொன்னவர்கள் உண்டு. அந்த நிறம் என்ன வேலை செய்தது என்று கேட்டவர்கள் அபூர்வம். அந்த நிறம் மண். பழைய தஞ்சாவூர் ஜில்லா என்று நாம் உரிமை கொண்டாடுகிற சமவெளியே அந்த மண் படிந்து உண்டானதுதான்.

தொழிலில் நான் வங்கி குமாஸ்தா; விவசாயக் கடன் பிரிவு. சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, அடமானப் பத்திரம் இவைதாம் பகலில் நான் வாசிப்பவை. பத்திரத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கெல்லை எழுதியிருக்கும். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்துப் பத்திரத்தில் கிழக்கெல்லை 'கடற்கரைப் புறம்போக்கு' என்றிருந்தது. சொந்தக்காரருக்கு என் தகப்பனார் வயசிருக்கும். "மூணு எல்லையும் நிக்குது தம்பி, கெழக்கெல்லைதான் நிக்கமாட்டேங்குது. புறம்போக்கு போயிருச்சு. இப்ப பட்டா நெலத்துக்கு வந்திருக்கு. போர் தண்ணியும் கரிக்குது" என்றார். பத்திரத்தில் பரப்பளவு மாறவில்லை. கடன் அந்தப் பரப்பளவுக்குத்தான்.

'கடல் கொண்டது' என்ற நம்முடைய பழைய வாக்கியத்தை இங்கே போட்டு முடித்துவிடுவது சுலபம். அது போதாது என்று எனக்குப் படுகிறது. புகாரைக் கடல் கொண்டதாகச் சொல்லப்படும் காலத்தில் ஆற்றின் குறுக்கே மேட்டூர் இல்லை. தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலை அலை பல தலைமுறைகளாகத் தின்று வந்திருக்கிறது. கடல் எடுப்பது புதிதல்ல. ஆறு ஈடு கொடுக்காமல் போனதுதான் புதிது. டெல்டா மண் இளகலான மண். தன் பாரத்தாலேயே அமுங்கி இறங்கும். ஒவ்வொரு வெள்ளமும் புதுப்படலம் ஒன்றைப் போட்டு அந்த இறக்கத்தைச் சரிக்கட்டிற்று. முகத்துவாரத்தில் கொட்டிய மணல் கரையோரமாக நகர்ந்து, அலை அரித்த இடத்தை நிரப்பிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மண் அதிகம் என்பதே பிரச்சினை. காவிரிப் படுகை மேடிட்டுத் தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போயிற்று. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது அதற்காக. 1934இல் மேட்டூர் வந்தது. அதற்கும் மேலே கிருஷ்ணராஜசாகர். தேங்கிய நீரில் மண் அடியில் தங்கிவிடும். மதகு வழியே வருவது தெளிந்த நீர். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று பத்திரிகைகள் இன்றும் போடுவது தொண்ணூறு வருஷத்து மண்ணைக் கழிக்காத கணக்கு. படுகையில் மிஞ்சியிருந்த பழைய மணலையும் லாரிகள் அள்ளின. 2018 ஆகஸ்டில் காட்டனின் மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தோடு போயின. மணல் அள்ளியதா, அணையின் வயசா என்று கொஞ்ச நாள் சண்டை நடந்தது.

மேட்டூரைப் பழிப்பது என் நோக்கமல்ல. மேட்டூர்த் தண்ணீரில் விளைந்த குறுவைதான் என்னை பி.ஏ. படிக்க வைத்தது. எகிப்தும் இதே பண்டமாற்றைச் செய்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் நைலின் ரொஸெட்டா முகத்துவாரக் கரை வேகமாகக் கரைந்தது. நாம் தண்ணீரை வாங்கிக்கொண்டு மண்ணைக் கொடுத்தோம். கொடுத்ததைக் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் என் புகார்.

1991இன் இடைக்காலத் தீர்ப்பில் 205 டி.எம்.சி., 2007இன் இறுதித் தீர்ப்பில் 192, 2018இல் உச்சநீதிமன்றத்தில் 177.25. டீக்கடையில்கூட இந்த எண்கள் மனப்பாடம். மூன்றும் தண்ணீர்க் கணக்கு. வண்டலுக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எண் இல்லாத நஷ்டத்துக்கு வழக்கில்லை, தள்ளுபடியில்லை.

எண் இல்லாததற்கு எழுதுகிறவர்கள் பொறுப்பில்லை. சொல் இல்லாததற்கு? நம் கவிதைகளில் காவிரி வற்றும்போதுதான் துக்கம் வருகிறது. நிறைந்தால் மனசு நிறைந்துவிடுகிறது. நிறைந்து, தெளிந்து, ஒன்றும் கொண்டுவராமல் ஓடுகிற ஆற்றைப் பார்க்கிற கண் நமக்கு இன்னும் வரவில்லை. கோடையில் வாய்க்கால் தூர் வாரி, வண்டி வண்டியாக வயலுக்கு வண்டல் அடித்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். அவர்கள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.