சவூதிச் சாமானும் நம் வீட்டு மின்சாரமும்

சவூதி அரேபியாவிலிருந்து விடுமுறையில் வரும் சபராளிகள் வீட்டாருக்காக மின்சாதனங்களைச் சுமந்து வருவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். வாங்கும்போது எத்தனை வோல்ட் என்று கேட்போர் உண்டு. எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்போர் அரிது.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் முடிக்கிறது. அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகியவற்றிலும் 50 ஹெர்ட்ஸே. வளைகுடாவில் சவூதி மட்டும் 60 ஹெர்ட்ஸ்.

தம்மாமில் பணிபுரியும் என் மச்சான், சென்ற விடுமுறையில் தமக்கைக்காக ஒரு மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டுவந்தார். அதன் பின்புறத் தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. "ஸ்டெபிலைசர் வைத்தால் போதும்" என்றார் அண்டை வீட்டார். ஸ்டெபிலைசர் மின்னழுத்தத்தைச் சீராக்குமேயன்றி ஹெர்ட்ஸை மாற்றாது.

அடுப்பினுள் கனமான மின்மாற்றி ஒன்று இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த அதை நம் மின்சாரத்தில் இணைத்தால், ஒவ்வொரு சுற்றும் நீள்வதாலும் அழுத்தம் சற்று மிகுவதாலும், இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் ஏறத்தாழ 25 விழுக்காடு உயர முற்படும். இரும்பு அதைத் தாங்காது. மின்னோட்டம் பெருகும், சுருள் சூடேறும், நாளடைவில் காப்பு கருகிவிடும்.

வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆசையோடு வாங்கி வந்தவரிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. எனினும் சொன்னேன். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், "அப்படியானால் விற்றுவிடலாமா, தம்பி?" என்று கேட்டார்.

தமக்கைதான் மறுமொழி கூறினாள்: "நமக்கு உதவாததை, குறையைச் சொல்லாமல் பிறர் தலையில் கட்டுவது ஆகுமா?"

மச்சான் அதற்குமேல் பேசவில்லை. திரும்பும்போது அதைத் தம்முடனே எடுத்துச் சென்றார். இன்று தம்மாமில் அவருடைய அறைத் தோழர்களுக்கு அது பயன்படுகிறது.

சவூதிச் சாமான்கள் எல்லாமே ஆகாதவை என்பதன்று. வோல்ட் பொருந்தினால் இஸ்திரிப்பெட்டி போன்று வெறும் வெப்பம் தருபவற்றுக்கு ஹெர்ட்ஸ் ஒரு தடையன்று. 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொறித்த சார்ஜர்கள் எங்கும் இயங்கும். மின்மாற்றியும் நேரடி மோட்டாரும் உள்ளவற்றிலேதான் எச்சரிக்கை தேவை. அத்தகைய மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். மின்சுற்றை எண்ணி ஓடும் கடிகாரமோ மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

ஆகவே, பயணத்திலிருப்போருக்கு வீட்டார் தொலைபேசியில் ஒரு சொல் கூறுங்கள்: விலையைக் கேட்குமுன் பின்புறத் தகட்டைப் படியுங்கள், 50 என்ற எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.