பூட்டிக் கிடக்கிற வீடுகள்

மாடு கன்னு பாக்கிறவனுக்கு எதுக்கு இந்த போட்டோப் பைத்தியம்னு எங்க ஊர்ல கேக்காத ஆள் இல்லை. கோயில், நோம்பி, கல்யாணம்னு எடுத்தாலாவது பரவாயில்லை, இவன் இடிஞ்ச வீட்டையும் ஓடு சரிஞ்ச மோட்டார் ரூமையும் எடுத்துட்டுத் திரியறானேன்னு சிரிப்பாங்க. நாலஞ்சு வருசமா இதுதான் என் பொழுதுபோக்கு. சாயங்காலம் சொசைட்டியில பால் ஊத்திட்டுத் திரும்பும்போது, வெயில் சாயற நேரத்துல வண்டியை நிறுத்தி ரெண்டு படம் எடுப்பேன். தனியா கேமராவெல்லாம் இல்லை. செல்போன்தான்.

டவுன்ல இருக்கிற நண்பர்கள் சிலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தனுஷ்கோடி போய், கூரை இல்லாத மாதா கோயிலையும் ரயில்வே ஸ்டேஷன் சுவரையும் எடுத்து அனுப்புவாங்க. பாக்க அருமையா இருக்கும். அங்க நடந்தது ஒரே ராத்திரி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடிச்ச புயல்ல ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் ஆட்களோட போச்சு. அந்தச் சுவரைப் பாத்தா, ஏன் இப்படி ஆச்சுன்னு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்க காங்கேயம் பக்கம் அந்த மாதிரிப் புயல் வராது. இங்க ஒரு கட்டடம் காலியாக முப்பது நாப்பது வருசம் ஆகும், சத்தமே கேக்காது. அதனால காரணத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்காம எடுத்தா, அது வெறும் இடிஞ்ச சுவர்தான்.

ஒரு கிணத்தைச் சொல்றேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. மேட்டுல ரெண்டு கல்தூண் நிக்குது, கவலை ஓட்டின காலத்துது. எருது ரெண்டும் சரிவா இருக்கிற வாரியில இறங்கும்போது தோல்பறி தண்ணியோட மேல வரும். அந்த வாரி இப்போ தூர்ந்துபோய் முள்ளு மண்டிக் கிடக்கு. அதுக்குப் பக்கத்துல கருங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டின ஆயில் என்ஜின் ரூம். புகைக்குழாய் வெளிய வந்த ஓட்டையைச் சுத்தி இன்னும் கரி இருக்கு. அப்புறம் கரண்ட் வந்து, மோட்டார் வந்துச்சு.

மேல இருந்து உறிஞ்சற பம்பு சுமார் 25 அடி ஆழத்துக்கு மேல தண்ணியை இழுக்காது. தண்ணி கீழ போகப் போக மோட்டாரையும் கீழ இறக்கியாகணும். அதுக்குக் கிணத்துச் சுவத்துல திட்டு வெட்டி, கல் சட்டம் போட்டு, மோட்டாரை உக்கார வெப்பாங்க. அந்தக் கிணத்துல அப்படி மூணு திட்டு இருக்கு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. மேல் திட்டுல புறா அடையுது. நடுத் திட்டுல ஒரு அரசங்கன்னு முளைச்சிருக்கு. கீழ்த் திட்டுக்கும் கீழ காஞ்ச பாறை. கடைசியில பக்கத்துலயே போர் போட்டாச்சு. போருக்குள்ளயே இறக்கிற மோட்டாருக்கு ரூம் எதுக்கு? கம்பத்துல ஒரு தகரப்பெட்டி போதும்.

இது அத்தனையும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒரு இடம் பாத்து நின்னு எடுத்தேன். எங்க அப்பாகிட்ட காட்டினேன். அவர் கல்தூணைப் பாக்கல, மூணாவது திட்டைத்தான் பாத்துட்டு இருந்தார். "இதை வெட்டறப்ப நானும் கூட நின்னேன். இதுக்கு மேல இறக்க வேண்டி வராதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்"னார். எங்க ஊர்த் தண்ணி எப்படி இறங்குச்சுன்னு யாராவது கேட்டா, நான் இப்போ இந்தப் படத்தைத்தான் காட்டறேன்.

வீடுகளோட கதை வேற. எனக்குப் பெரியம்மா முறை ஆகறவங்க வீடு ஒண்ணு பக்கத்து ஊர்ல இருந்தது. தொட்டிக்கட்டு வீடு. நடுவுல திறந்த வாசல், சுத்தி ஆசாரம், பனைவாரை, மேல நாட்டு ஓடு. பெரியப்பா தவறின பிறகு பெரியம்மா திருப்பூர்ல பையன் வீட்டுக்குப் போயிட்டாங்க. வீடு நாலு பங்காளிக்குப் பொது, பாகம் பிரிக்கல. நாலு பேருக்குச் சொந்தமான வீட்டுக்கு யார் காசு போட்டு ஓடு மாத்துவாங்க?

ஆள் இருக்கிற வீட்டுல அடுப்புப் புகை தினமும் வாரையில ஏறும், வண்டு அவ்வளவா அண்டாது. ஒரு ஓடு நகர்ந்தா அன்னைக்கே யாராவது ஏறித் தள்ளி வெச்சிருவாங்க. பூட்டின வீட்டுல அந்த ஒரு ஓடு போதும். ஐப்பசி மழை மண்சுவத்துக்குள்ள இறங்கும், மீதியைக் கறையான் பாத்துக்கும். நாலே வருசத்துல தெக்குப் பக்கத்து ஆசாரம் உக்காந்துருச்சு.

படம் எடுக்கிறதுக்கு முன்னாடி போன்ல கேட்டேன். "எடுத்துக்க கண்ணு. ஆனா தெக்குப் பக்கம் வேண்டாம். பாழடைஞ்ச வீடுன்னு எங்கயும் போட்டுறாத. அது நான் பொழச்ச வீடு"ன்னாங்க. என் படங்களுக்குக் கீழ அந்த வார்த்தை இருக்காது, அதுக்குக் காரணம் அவங்கதான். யார் கட்டினது, எதுவரைக்கும் ஆள் குடியிருந்தாங்க, ஏன் போனாங்க, இதை மட்டும் எழுதி வெக்கிறேன்.

எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுத் திருப்பூருக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். நிலவுக்கால், திண்ணை, வாசல்ல கிடந்த ஆட்டுக்கல்னு ஒவ்வொண்ணையும் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தாங்க. அப்புறம், "உள் ஆசாரத்து உத்தரத்துல ஒரு இரும்பு வளையம் இருக்குமே, அது இருக்குதா?"ன்னு கேட்டாங்க. தொட்டில் கட்டின வளையமாம். அவங்களுக்கு மூணு குழந்தைங்க. கடைசிப் பையன் ஒண்ணரை வயசுல காய்ச்சல்ல போயிட்டான். "அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை கண்ணு"ன்னாங்க.

அந்தச் சமயத்துல பங்காளிங்க மரத்துக்கு விலை பேசி முடிச்சிருந்தாங்க. பழைய தூண், கதவு, உத்தரத்துக்கெல்லாம் இப்போ நல்ல கிராக்கி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குப் போனீங்கன்னா, எத்தனை வீட்டுச் சாமான் அங்க வந்து நிக்குதுன்னு தெரியும். அதனால நாள் கடத்தாம, மறுநாளே எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வர்ற அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். அவர் டார்ச் அடிச்சார். வளையம் இருந்தது. முழுக்கத் துரு, அடிப்பக்கம் மட்டும் கயிறு உரசி உரசித் தேஞ்சு பள்ளமாயிருந்தது. அந்தப் பள்ளம் தெரியற மாதிரி நாலு படம் எடுத்தேன்.

ரெண்டு வாரத்துல வீட்டைப் பிரிச்சு லாரியில ஏத்திட்டாங்க. பெரியம்மா அந்தப் படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்துல வெச்சிருக்காங்க. வந்து போறவங்க, இது என்ன இரும்பு வளையம்னு கேக்கிறாங்களாம். சில பேர்கிட்ட சொல்றாங்க, சில பேர்கிட்ட சொல்றதில்லையாம்.

போட்டோ எடுத்தா வீடு நிக்குமான்னு கேட்டா, நிக்காது. அதுக்குப் பங்காளிங்க உக்காந்து பேசணும், ஓட்டுக்குக் காசு வேணும், முக்கியமா உள்ள யாராவது குடியிருக்கணும். இது மூணும் என் செல்போன்ல இல்லை. ஆனா வீடு போறதுக்குள்ள யாருக்கு எது முக்கியம்னு கேட்டு எடுத்து வெக்க முடியும்.

உங்கள்ல பல பேருக்கு ஊர்ல இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். அடுத்த தடவை பொங்கலுக்கோ நோம்பிக்கோ போனா, வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்ததோட திரும்பிறாதீங்க. முதல்ல அந்த வீட்டுல பொழச்ச பெரியவங்ககிட்ட, எதை எடுக்கணும்னு கேளுங்க. நீங்க நினைக்காத ஒண்ணைச் சொல்லுவாங்க. அடுப்புமேடை, அட்டாலி, சுவத்துல பால் கணக்கு எழுதின கரிக்கோடு, எதுவா வேணா இருக்கும். தனியா உள்ள போகாதீங்க. காலுக்குச் செருப்பு போதாது, ஷூ போட்டுக்கோங்க. விரியன் ஓட்டுக் குவியலுக்குள்ளதான் படுத்திருக்கும். தொங்கற வாரைக்குக் கீழ நிக்காதீங்க. சுத்துச்சுவர் இல்லாத கிணத்துக்கிட்ட போன் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே பின்னால நகராதீங்க.

எடுத்ததை பிரிண்ட் போட்டுக் குடுங்க. எங்க பெரியம்மாவுக்குப் போன்ல படம் பாக்கத் தெரியாது.