வலிக்கலையே தம்பி

அரக்கோணம் ஜங்ஷனில் 30 வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. டாக்டர் சான்றிதழைச் சரிபார்த்து, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து டிக்கெட் போடுவேன். வேலூருக்கும் சென்னைக்கும் அப்படி எத்தனையோ பேரை அனுப்பினேன். நாலு தெரு தள்ளியிருந்த என் அக்காவை அனுப்ப மட்டும் 14 மாதம் ஆகிவிட்டது.

குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது. அப்போது அவளுக்கு 47 வயது. வலிக்கவில்லை, விட்டுவிட்டாள். மகளுக்குக் கல்யாண நாள் குறித்தாயிற்று. இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்களோ! யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் பத்து போட்டாள். கல்யாணம் முடிந்தது, வளைகாப்பும் முடிந்தது. அதற்குள் தோல் சாத்துக்குடித் தோலாகக் குழி விழுந்து, காம்பு உள்ளே இழுத்து, ஓர் ஓரம் புண்ணாக உடைந்துவிட்டது.

எனக்கு அது தெரிந்தது வாடையால். வந்தால் என் பக்கத்தில் உட்காருகிறவள், திண்ணையோடு நின்றுகொள்ள ஆரம்பித்தாள். பவுடர் வாசனை தூக்கலாக அடித்தது. அதற்கு அடியில் வேறொன்று. என் மனைவிதான் உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். அப்போதும் அக்கா சொன்னாள்: "வலிக்கலையே தம்பி!"

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்குப் போனோம். மூன்றாம் கட்டம் என்றார்கள். மருந்து ஏற்றினால் முடி கொட்டுமாம். "கொட்டி வீணாப் போறதை முருகனுக்கே குடுத்துடறேன்" என்று திருத்தணி மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு வந்து அட்மிட் ஆனாள். தெருவில் கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லவும் வசதியாகப் போயிற்று. நாலு வருஷம் இருந்தாள்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது; இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். வசதியான நாடுகளில் பெரும்பாலோர் கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள். இங்கே பாதிப் பேருக்கு மேல் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். ஏழ்மை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து சென்னை 70 கிலோமீட்டர்தான், லோக்கல் ரயில் ஓடுகிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. அக்காவைத் தடுத்தது வெட்கமும் வீட்டு வேலையும், கூடப் பிறந்தவன் ஒரு வார்த்தை கேட்காததும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தடவிப் பார்த்தார்கள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. அவர்களில் 50 வயது தாண்டியவர்களிடையே இந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். அக்காவிடமோ தங்கையிடமோ நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால், மனைவியை விட்டாவது இந்த வாரம் கேட்டுவிடுங்கள்.