பூரி சுடத் தெரிந்தவன்

தபால்காரர் அந்த கார்டைக் கொடுத்துவிட்டுப் போனபோது நான் சற்றே மிதப்பில் இருந்தேன். கே. ஏ. தங்கவேலுவின் நகைச்சுவையைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு சிற்றிதழில் வெளியாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு பக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அச்சில் வந்த முதல் எழுத்து. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, படித்தார்களா என்று சாயங்கால நடையில் மடக்கி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

கார்டில் சில வரிகள்தான். தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். கட்டுரை நன்றாக இருந்ததாம். ஆனால் அந்தப் பூரி காமெடி 'கல்யாண பரிசு' படத்தில் வருவதல்ல, 'அறிவாளி'யில் வருவது. தங்கவேலுவோடு அதில் நடித்தவர் எம். சரோஜா அல்ல, தன் ஊர்க்காரரான டி. பி. முத்துலட்சுமி. தவறாக நினைக்க வேண்டாம் என்று முடித்திருந்தார்.

படித்து முடித்த கையோடு சத்தமாகச் சொன்னேன்: "இது எனக்குத் தெரியுமே. எழுதுறப்ப கை தவறிடுச்சு."

"யாருக்குங்க பதில் சொல்றீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தக் காட்சியை நான் பார்த்ததே கிடையாது. கேட்டதோடு சரி. எண்பதுகளில் வெளியூரில் வேலை, நண்பர்களோடு அறையில் வாசம். வெற்று கேசட்டைக் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து தரும் கடை ஊருக்கு ஒன்றிரண்டு இருந்த காலம். எங்கள் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க 'கல்யாண பரிசு'. தன்னைப் பெரிய எழுத்தாளன் பைரவன் என்று பெண்டாட்டியிடம் புளுகித் திரியும் புருஷன். மறு பக்கத்தில் பல படங்களின் துண்டு துணுக்குகள், அவற்றில் ஒன்று இந்தப் பூரி. இரண்டு பக்கத்திலும் புருஷன் தங்கவேலு. ஆக, இரண்டு பக்கத்திலும் பெண்டாட்டி சரோஜாதான் என்று என் மனசு பைசல் செய்துவிட்டது. நாற்பது வருஷம் அந்தக் குரலுக்கு வேறொருவர் முகத்தை மாட்டிவைத்துச் சிரித்திருக்கிறேன். விசேஷ வீடுகளில் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் தங்கவேலு பேசுவதை மட்டும்தான் செய்வேன். அந்தப் பெண் சொல்வதைக் கூட்டத்தில் யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும் என்று நினைப்பு.

தெரியாததைத் தெரியும் என்பது எனக்குப் பழைய வியாதி. தொண்ணூறுகளில் எங்கள் கிளைக்குக் கணினி வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். "சரி, சரி, தெரியும்மா" என்று தலையாட்டினேன். மறுநாள் அவள் விடுப்பு. ராத்திரி ஒன்பதரை வரை கணக்கை முடிக்க முடியாமல் கிளையே என்னைச் சுற்றி நின்றது. காவலாளி டீ வாங்கி வந்தார். அப்போதுகூட, "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றுதான் சொன்னேனே தவிர, தெரியாது என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

'அறிவாளி'யைப் பார்க்க உட்கார்ந்ததும் நல்ல எண்ணத்தோடு அல்ல. அந்த அம்மாவின் கார்டில் ஒரு தப்பாவது தேறாதா என்று பார்க்கத்தான்.

1963இல் வந்த படம். இயக்கியவர் ஏ. டி. கிருஷ்ணசாமி. 1941இல் ஏ. வி. மெய்யப்பனோடு சேர்ந்து 'சபாபதி'யை எடுத்தவர் இவர்தான். அந்தப் படத்திலேயே காளி என். ரத்னத்துக்குச் சளைக்காமல் சி. டி. ராஜகாந்தம் சிரிக்கவைத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'அறிவாளி'யின் கதை ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் த ஷ்ரூ'. வாய்த்துடுக்கான பெண்ணை ஒருவன் கட்டிக்கொண்டு வழிக்குக் கொண்டுவரும் சமாசாரம். நம்மவர்களுக்கு இந்தச் சரக்கின்மேல் தீராத மோகம். அதே வருஷம் 'பெரிய இடத்துப் பெண்', 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா', 1992இல் 'மன்னன்' என்று பெண்ணை அடக்கி அடக்கி அலுக்காத சினிமா நம்முடையது. சிவாஜி நடித்த படங்களைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் 'அறிவாளி'யைச் சொல்வார்கள்? எனக்கே அது கேசட் அட்டையில்கூட இல்லாத பெயர்.

அடக்கப்படுகிறவர் பி. பானுமதி. அங்கேதான் கதை கையை விட்டு நழுவுகிறது, நல்லபடியாக. பானுமதி அப்போதே சாலிகிராமத்துப் பரணி ஸ்டூடியோவின் முதலாளியம்மா. 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கியவர். தன் பாட்டைத் தானே பாடுகிறவர். தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என்று மாமியாரை வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். 'மிஸ்ஸியம்மா'வில் நாயகியாக நடிக்க ஆரம்பித்து, தகராறாகி, விலகியும் போனவர். அந்த இடத்துக்கு வந்துதான் சாவித்திரி பெரிய நட்சத்திரமானார். இப்படிப்பட்டவர் திரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது வெறும் நடிப்பாக எப்படித் தெரியும்? படம் அவரை அடக்கிவிட்டதாகச் சொல்கிறது. எனக்கென்னவோ, போனால் போகிறதென்று படத்துக்காக அவர் அடங்கிக் காட்டியதாகத்தான் பட்டது. கதை பழசாகி நமத்துவிட்டது. அவர் நமக்கவில்லை.

இனி பூரி. காட்சி வந்ததும் டேப்லெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பூரி சுடத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசில்லாத மனைவி. புருஷன் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்கிறான். எதற்கும் அவளிடம் ஒரே பதில்: அதுதான் எனக்குத் தெரியுமே.

காதால் கேட்டபோது இதைத் தங்கவேலுவின் காட்சியாக நினைத்ததில் ஆச்சரியமில்லை. பேச்செல்லாம் அவருக்கு. முத்துலட்சுமிக்கு ஒரே வரி. அந்த ஒன்றை, ஒரே நோட்டை ஒவ்வொரு கவுண்டரிலும் புது நோட்டாக மாற்றுகிற சாமர்த்தியத்தோடு, அந்தம்மா திரும்பத் திரும்பச் செலாவணியாக்குகிறார். தங்கவேலுவின் எரிச்சல் படிப்படியாக ஏறுகிறதென்றால், படியைக் கட்டிக்கொடுப்பது இவர். நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தேன். நான் எதிர்பார்த்தது ஒரு அசட்டுப் பெண்ணை. இவள் அசடு இல்லை. தெரியும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளே வாங்கிக்கொள்கிற கெட்டிக்காரி. தெரியாது என்று சொல்லிவிட்டால் குடும்பத்தில் தன் மரியாதை என்னாவது என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. ராத்திரி ஒன்பதரை மணி, காவலாளி கையில் டீ.

நான்காவது தடவை ஓடும்போது மனைவி வந்து பின்னால் நின்றாள். கடைசிவரை பார்த்தாள். சிரிக்கவில்லை. "இது நீங்கதானே" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முத்துலட்சுமியைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். 1948இல் ஜெமினியின் 'சந்திரலேகா'வில் கூட்டத்தோடு ஆடிய பெண்களில் ஒருவராகத் தொடங்கியவர். 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் ஏ. கருணாநிதியோடு வருபவர் இவர்தான் என்று அறிந்தபோது இன்னொரு முகமும் இடத்தில் பொருந்தியது. 2008இல் காலமானார். பூரி காட்சியை நான் வீடு வீடாக நடித்துக் காட்டிய வருஷங்களில் பெரும்பாலும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

தூத்துக்குடிக்குப் பதில் எழுதினேன். முதல் கார்டு 'தாங்கள் சுட்டியது நான் முன்பே கவனித்ததுதான்' என்று ஆரம்பித்தது. கிழித்தேன். இரண்டாவதில், எனக்குத் தெரியாது, பார்க்காமலே எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு முடித்தபோது கை லேசாக நடுங்கியது. வயசுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதழுக்கும் ஒரு திருத்தம் அனுப்பினேன். அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் போன் செய்தார். "சார், பேரெல்லாம் ஒரு தடவை பாத்துட்டீங்களா? வாசிச்சுக் காட்டட்டுமா?"

"அதெல்லாம் தெரியும் தம்பி. சரியாத்தான் இருக்கும், போட்டுடுங்க."

இதழ் வந்தது. திருத்தம் தனிக் கட்டத்துக்குள் அழகாக வந்திருந்தது. படம் 'அறிவாளி', ஆண்டு 1963, எல்லாம் சரி. பூரி சுட்டவர் மட்டும் டி. பி. ராஜலட்சுமி என்றிருந்தது. 1931இல் 'காளிதா'ஸின் கதாநாயகி, 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கியவர். அச்சுக்காரர்மேல் பழி போடலாமா என்று என் கைப்பிரதியின் நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தேதான். முத்து முத்தாக, ராஜலட்சுமி.

பத்து நாள் கழித்துத் தூத்துக்குடி முத்திரையோடு இன்னொரு கார்டு வந்தது. திருப்பிப் பார்க்காமல் மனைவியிடம் நீட்டினேன்.

"என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. நீயே படி."