அப்பாவின் குதிகாலும் ஒரு ஊசியும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் கவலைப்படுவாள் என்பது ஒரு காரணம். இப்போது அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆகவே எழுதிவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அல்சூர் வீட்டில் என் தொடையில் நானே ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்கு இல்லை, கொலஸ்ட்ராலுக்கு. "கொலஸ்ட்ராலுக்கு ஊசியா?" என்று எங்கள் கிளையில் கன்னடத்தில், தமிழில், இந்தியில் எல்லாரும் கேட்டாகிவிட்டது :-)

அப்பா 1992-ல் போனார். வயது 48. அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பீடி, சிகரெட் கிடையாது. ஒல்லி உடம்பு. ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விதி என்றார்கள். நான் அப்போது எட்டாவது படித்தேன். அவர் காலைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. குதிகாலுக்கு மேலே தசைநார் தடித்து, புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சு முடிச்சாக இருக்கும். செருப்பு வார் உரசி அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2021 அக்டோபர் 29-ஆம் தேதி புனித் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூரே கலங்கிப்போனது. 46 வயது. அடுத்து வந்த நாள்களில் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. நானும் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் அரையாண்டுக் கணக்கு, பிறகு ஆடிட், பிறகு மார்ச். வங்கிக்காரனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

2023-ல் மெட்ரோ படிக்கட்டு ஏறும்போது நெஞ்சு இறுகியது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எல்.டி.எல். 236. டாக்டர் சாக்ஸைக் கழற்றச் சொல்லி என் குதிகாலைப் பிடித்துப் பார்த்தார். "உங்க அப்பாவுக்கும் இப்படி இருந்ததா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. அது செருப்பு உரசியது இல்லை. தசைநாரில் படிந்த கொலஸ்ட்ரால்.

குடும்ப வழியில் வரும் கொலஸ்ட்ரால் கோளாறு இது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பி.காம். மூளைக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், மற்றவர்கள் கணக்கில் நடுவயதில் பெரிதாகும் கடன், எங்கள் கணக்கில் பிறந்த அன்றே பெரிய அசலோடு ஓட ஆரம்பித்துவிடுகிறது. நாற்பதில் வந்து நிற்பது கூட்டு வட்டி.

அதிகபட்ச ஸ்டாட்டின் மாத்திரை, கூட எஸெடிமைப், எண்ணெய் குறைப்பு, அல்சூர் ஏரிக்கரையில் நடை. எல்லாம் செய்தும் 128-க்குக் கீழே இறங்கவில்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி என்னைப் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55-க்குக் கீழே இருக்கவேண்டும். அப்போதுதான் எவோலோகுமாப் ஊசியை எழுதிக்கொடுத்தார்.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லீரலின் மேல் எல்.டி.எல்.லை வாங்கி உள்ளே போடும் கவுண்ட்டர்கள் இருக்கின்றன. (இதைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது.) பி.சி.எஸ்.கே.9 என்று ஒரு புரதம் அந்தக் கவுண்ட்டர்களை மூடிக்கொண்டே வரும். ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கவுண்ட்டர்கள் திறந்திருக்கும், கூட்டம் குறையும். 2017-ல் வெளியான ஆய்வில், 27,564 நோயாளிகளிடம், எல்.டி.எல். சுமார் 59 சதவீதம் குறைந்தது. எனக்கு 128 என்பது 51 ஆனது.

போட்டுக்கொள்வது கஷ்டமில்லை, ஒழுங்குதான் முக்கியம். முதல் ஊசியை நர்ஸ் முன்னால் போட்டுப் பழகினேன். பேனாவை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுப் போடவேண்டும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. மருந்து கலங்கியிருந்தால் போடக் கூடாது. தொடை அல்லது வயிறு (தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு), ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம். சுமார் 15 விநாடியில் ஜன்னல் முழுக்க மஞ்சளாகும். அதற்குமுன் எடுத்துவிடக் கூடாது. போட்ட இடம் சிவக்கலாம், சளி பிடித்தது போல இருக்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை. ரப்பர் ஒவ்வாமை, கர்ப்பம் போன்றவற்றை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். ஊசி வந்துவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் போடும் இன்கிளிசிரான் என்ற ஊசியும் இருக்கிறது. யாருக்கு எது என்பது டாக்டர் பாடு.

செலவுதான் கடிக்கிறது. மாதாமாதம் இன்னொரு கார்க் கடன் கட்டுவது போல. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மருந்துகளுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்று ஆனது. பில்லைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு முட்டாள்தனம் செய்தேன். பேனாவை ஐஸ் கட்டிக்கு நடுவே நேராகச் செருகி நாகர்கோவில் ரயிலில் கொண்டுபோனேன். காலையில் பார்த்தால் உறைந்திருந்தது. உருகியதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான். டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு ஓரமாக வைத்தேன்.

"காசு குடுத்து வாங்கினத ஏண்டே தூரப் போடுத?" என்றான் அண்ணன். "ஐயா, ஊசி போடுத அளவுக்கு ஆயிட்டா ஒனக்கு?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அண்ணன், "எனக்கு ஒண்ணும் கெடையாதுடே, ஒன்ன மாதிரி ஏசி ரூம்லயா இருக்கேன்?" என்று சிரித்தான். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அப்பா உட்கார்ந்த அதே இடம். குதிகாலைப் பார்த்தேன். அதே முடிச்சு.

மறுநாள் காலையில் இழுத்துக்கொண்டு போனேன். 221.

அண்ணனை இழுத்துக்கொண்டு போன நான், என் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். "பொம்பளப் பிள்ளைங்க. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க" என்றாள் மனைவி. அவள்மேல் பழி போடமாட்டேன். எனக்கும் அதே பயம்தான், அவள் வாய் வழியாக வந்தது. ஊரிலிருந்து திரும்பிய வாரமே இருவருக்கும் எடுத்தோம். பையனுக்கு 92. பதின்மூன்று வயது மகளுக்கு 187.

ஊசி இப்போது வேண்டாம், சின்ன அளவில் மாத்திரை, விளையாட்டு, சாப்பாட்டில் கவனம் போதும் என்றார் டாக்டர். சீக்கிரம் பிடித்துவிட்டோம் என்று தைரியமும் சொன்னார். அப்பாவுக்கும் எனக்கும் கிடைக்காத முப்பது வருடம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் இரண்டைத் தின்றது என் கூச்சம்.

போன ஞாயிறு பேனாவை அழுத்தினேன். பக்கத்தில் நின்று பதினைந்துவரை எண்ணியவள் அவள்தான். "தாத்தாவுக்கு இது இருந்திருந்தா என்னப்பா?" என்று கேட்டாள்.

"ஒன்னப் பார்த்திருப்பாரும்மா" என்றேன்.

பி.கு.: வீட்டில் யாராவது ஐம்பதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால், ஒரு கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அப்படியே குதிகாலையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.