தலை அளவு எழுதி அனுப்பு

உடன்குடி,
மார்ச் 4

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

டிக்கெட் போட்டாயிற்று என்று நீ சொன்ன ராத்திரி அம்மா தூங்கவில்லை. மச்சில் கிடந்த நார்க்கட்டிலை இறக்கச் சொல்லி, நார் தளர்ந்திருக்கிறதா என்று தானே குனிந்து அமுக்கிப் பார்த்தாள். ஏப்ரல் விடுமுறைக்கு மெல்போர்னிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒன்றை எழுதிவிட வேண்டும். போனில் ஆரம்பித்தால் "அது பழைய கதை, விடுக்கா" என்று மூடிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டுக் கடற்கரையில் பெரியவனின் முதுகு வெந்தது என்னால்தான்.

அன்றைக்கு நீயும் உன் வீட்டுக்காரரும் துணி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போயிருந்தீர்கள். நான்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பத்து மணி வாக்கில் போய் இறங்கினோம். சிலுவைக் கோவில் மேட்டுக்குக் கீழே, மணல்திட்டுக்கு உள்பக்கம், அலையில்லாத தண்ணீர். முழங்கால் ஆழம்தானே என்று விட்டேன். பெரியவன், சட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டான். அதுவும் இரண்டு தடவை கேட்டான். "கழட்டுலே, நம்ம ஊரு வெயில் நம்ம பிள்ளைய என்ன செய்யும்?" என்று சொன்ன வாய் இது.

சின்னவளின் தொப்பி ஆட்டோவிலேயே போய்விட்டது. அவள் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "தொப்பி இல்லேன்னா விளையாட்டு இல்ல பெரியம்மா, எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான்" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. அவள் சொன்னதை நான் செல்லமாகச் சிரித்துத் தள்ளினேன். கடல்காற்று சுகமாக வீசிக்கொண்டிருந்தது. பெரியவனுக்கு ஒரு தடவை குளிர்கூட எடுத்தது. ஒரு மணி வரை கிடந்தான்.

சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் "முதுகு எரியுது பெரியம்மா" என்று வந்தான். நம் நிறத்துத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கை வைத்துப் பார்த்த பிறகுதான் தோள் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தேங்காய் எண்ணெயை எடுத்து வழிய வழியத் தடவினேன். பிள்ளை அலறினான். மறுநாள் இரண்டு தோளிலும் கொப்புளம். மூன்று ராத்திரி குப்புறக் கிடந்தான். நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

29 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்தவள் நான். வயிற்றோட்டத்துக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதை வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தவள். வெயில் என்றால் எனக்கு வேர்க்குரு தெரியும், மயக்கம் தெரியும். தோல் வேகும் என்பது வெள்ளைக்காரர்கள் பாடு என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதல் தப்பு, வெக்கையை வைத்து வெயிலை அளந்தது. தோலைச் சுடுவது வெக்கை இல்லை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். வெக்கை உடம்பில் தெரியும், காற்றடித்தால் குறையும். கதிருக்கு அப்படி எதுவும் கிடையாது. காற்று வீசுகிற கடற்கரையில்தான் பிள்ளைகள் ஏமாறுவார்கள், பெரியவர்களும் ஏமாறுவோம். மெல்லிய மேகம் மூடியிருந்தால்கூட அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேலே இருப்பதில் 40 சதவீதம் இருக்கும். மணலும் நுரையும் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் பிள்ளையை விட்டு, பத்திரம் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது, நாங்கள் எல்லாம் கத்திரி வெயிலுக்குத்தான் பயப்படுவோம். மே 4-ந் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகுதான் "பிள்ளைகளை வெளியே விடாதே" என்று சத்தம் கேட்கும். ஆனால் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் வருவது அதற்கு முன்னாலேயே. ஏப்ரல் 11, 12 தேதிகளில், வாசலில் நட்ட கம்புக்கு உச்சி நேரத்தில் நிழலே விழாது. மறுபடி ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை. நீங்கள் வருவதும் சரியாக அந்த ஏப்ரல் நாட்களில்தான். உச்சி என்பதும் இங்கே பன்னிரண்டு மணி இல்லை. நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே எங்கேயோ போகிற கோட்டுக்குக் கட்டுப்பட்டது. அந்த நாட்களில் உடன்குடியில் உச்சி ஏறக்குறைய 12 மணி 18 நிமிஷத்துக்கு. அப்படிப் பார்த்தால் மூன்று மணி வெயிலும் இன்னும் முற்றின வெயில்தான்.

உங்கள் ஊரில் கதிரின் அளவை எண்ணாகச் சொல்வார்களே, 3 வந்தால் தொப்பி, 11 வந்தால் உச்சபட்சம் என்று. ஏப்ரலில் அங்கே இலை உதிர்கிற காலம். நாலு, அஞ்சு என்று எண் இறங்கியிருக்கும். அங்கிருந்து பிள்ளைகள் ஒரே நாளில் 11-க்கு மேலே வந்து விழப் போகிறார்கள். நம் தெருப் பிள்ளைகள் தை மாசத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயில் குடித்து வளர்கிறவர்கள். அவர்களுக்கும் சுடும், ஆனால் இப்படித் திடுமென்று சுடாது. "அந்தப் பையன் விளையாடுறானே, நான் மட்டும் ஏன்?" என்று பெரியவன் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாம் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வெயிலில் அலையவில்லையா என்று அம்மா கேட்கிறாள். யோசித்துப் பார். பனையேறி விடியுமுன்னே ஏறிப் பதனீர் இறக்குவார், மறுபடி பொழுது சாய்ந்துதான் பனையைத் தொடுவார். நடுவில் விடிலிக் குடிசை நிழல். செம்மணல் தேரியில் உச்சி நேரத்தில் ஆடு மேய்க்கிறவரும் உடைமரத்தடியில்தான் இருப்பார். தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து வரும்போது ஆறுமுகநேரி உப்பளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டு. சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டையை மணிக்கட்டு வரை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி முகத்தையும் மூடிக்கொண்டு பெண்கள் உப்பு அள்ளுவார்கள். வெயிலோடு பிழைக்கிறவர்கள் அத்தனை பேரும் மூடிக்கொள்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான், பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. போன தடவை நீங்கள் கிளம்புகிற அன்று சின்னவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள், "தொப்பி போடலேன்னா நான் கறுத்துருவேனா பெரியம்மா? கறுத்தா நல்லா இருக்காதா?" யார் சொன்னது என்று கேட்டேன். வந்து பார்த்துப் போன உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொம்பளைப் பிள்ளையை வெயிலில் விடாதே, கறுத்துரும் என்று. ஆம்பிளைப் பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவன் முதுகு வெந்ததற்கு அதுவும் ஒரு காரணம்தானே?

இந்தத் தடவை என் வீட்டுக்குள் அந்த வார்த்தை வரக் கூடாது. யார் சொன்னாலும், வயசில் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், பிள்ளைகள் காது கேட்க மறுத்துச் சொல்வேன். சின்னவளிடம் சொல்வேன்: உன் ஆச்சி கறுப்பு, நான் கறுப்பு, அந்தக் கறுப்பு கொஞ்சம் வெயிலைத் தாங்கவும் செய்யும், ஆனால் முழுசாகத் தாங்காது. தோல் வேகாமல் இருக்கத்தான் தொப்பி. வெளுப்பாக இருக்க இல்லை. அவளுக்கு இது எட்டு வயசிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். நீயும் அங்கேயே சொல்லி வை.

இனி ஆக வேண்டியது. கடற்கரைக்குக் காலை ஆறரைக்குப் போய் எட்டரைக்குத் திரும்பிவிடுவோம். இல்லையென்றால் நாலரைக்கு மேல். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் வீட்டுக்குள் போ என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் போதும். கடிகாரம் வேண்டாம், அவர்களே அளந்து பார்த்துக்கொள்வார்கள். திருச்செந்தூருக்கு விடியக்காலமே போய்விடலாம். பகலில் ஒரு இடம் போக வேண்டுமென்றால் தேரிக்குள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில். சுனையும் மரமும் நிழலுமாக இருக்கும். ஆனால் செருப்பில்லாமல் செம்மணலில் கால் வைக்க விடாதே. மத்தியானம் வீட்டில் நுங்கு, மோர், வெள்ளரிப்பிஞ்சு. விடிலியில் பதனீருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கச் சின்னவளுக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து வரும்போது கை நீளமான நீச்சல் சட்டை இரண்டு பேருக்கும் கொண்டு வா. இங்கே வாங்குகிற மெல்லிசு வெள்ளை பனியன் நனைந்தால் கதிர் உள்ளே போய்விடும். அடர்ந்த நெசவு, அழுத்தமான நிறம் நல்லது. சன்ஸ்கிரீன் 30-க்குக் குறையாமல் கொண்டு வா. 50 என்றால் இன்னும் கொஞ்சம்தான் கூடுதல், எதுவானாலும் தடவுகிற அளவில்தான் இருக்கிறது. பெரிய ஆளுக்கு உடம்பு முழுக்க ஏழு டீஸ்பூன் வேண்டும் என்கிறார்கள், நாம் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறோம். கிளம்புவதற்கு இருபது நிமிஷம் முன்னால் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரை விட்டு ஏறினதும் ஒரு தடவை. காது, பின்கழுத்து, முழங்கால் பின்மடிப்பு, பாதத்தின் மேல்பக்கம், இவைதான் எல்லாரும் விடுகிற இடம். அந்தக் குழாயைக் காரில் போட்டு வைக்காதே, சூட்டில் கெட்டுவிடும். மண்பானைக்கு அடியில் ஈர மணல் போட்டிருக்கிறேன், அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வரும்போது கைப்பிள்ளைக்கு ஐந்து மாசம் முடிந்திருக்கும். ஆறு மாசம் ஆகும்வரை அந்தக் களிம்பு எதுவும் வேண்டாம். நிழல், முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, அவ்வளவுதான். அவனை நானும் அம்மாவும் மாற்றி மாற்றி வீட்டில் வைத்துக்கொள்கிறோம். நீ மற்ற இரண்டு பிள்ளைகளோடு கடலுக்குப் போ.

அப்படியும் ஒருவேளை சுட்டுவிட்டால் என்னைப் போல எண்ணெய் எடுத்து ஓடாதே. எண்ணெய் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துப் போட வேண்டும். ஐஸ் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, மயக்கம், பெரிய கொப்புளம் என்றால் உடனே டாக்டர். எரிச்சல் அன்றைக்கு ராத்திரி தொடங்கி மறுநாள்தான் முற்றும். அதனால் வெயிலில் நின்ற அன்று சாயங்காலம் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதை நான் இனி நம்ப மாட்டேன். படுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டுப் பார்ப்பேன்.

பெரியவனிடம் தனியாகச் சொல்லு, பெரியம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று. வந்ததும் நானும் நேரில் கேட்பேன். சட்டையைக் கழற்றட்டுமா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அது எனக்கு மறக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஓலை பின்னுகிற அக்காவிடம் மூன்று தொப்பி சொல்லியிருக்கிறேன். சுற்றிலும் நாலு விரல் விளிம்பு, காதையும் கழுத்தையும் மூடுகிற மாதிரி. இடைவெளி விட்டுப் பின்னினால் அதன் வழியே வெயில் விழும், நெருக்கிப் பின்னு என்று சொல்லிவிட்டேன். குருத்தோலையைக் கிழித்துக் காயப் போட்டிருக்கிறாள், அளவு இல்லாமல் தொடங்க மாட்டாள். புருவத்துக்கு மேலே ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, மூன்று பேர் தலையும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்பு. கைப்பிள்ளைக்கு ஒரு விரல் கூட்டிச் சொல்லு.

உன் அக்கா