காது திறந்த விதம்

வைட்ஃபீல்ட், யுரேசியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் குடியேறுவதற்கென 1882இல் உருவான ஊர். ஆங்கிலம் வீட்டுமொழியாக இருந்த அந்தச் சிற்றூர் இன்று மென்பொருள் நிறுவனங்களின் நகர்ப்பகுதி. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற இளைஞர் ஒருவர் அங்கே பணியில் சேர்ந்தார். ஆங்கிலம் வாசிப்பார், பிழையின்றி எழுதுவார். ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர் பேசத் தொடங்கினால், அது அவருக்கு முற்றிலும் அறியாத மொழியாக ஒலித்தது. புரியாதவற்றுக்கும் 'யெஸ்' என்றார். ஒருமுறை அந்த ஒற்றைச் சொல் மூன்று நாள் உழைப்பை வீணாக்கியது.

"ஆங்கிலப் படம் பார்" என்றனர் விடுதி நண்பர்கள். இரவுதோறும் பார்த்தார், தமிழ் சப்டைட்டிலுடன். ஆறு மாதங்களில் பல கதைகள் தெரிந்தன. காது மட்டும் திறக்கவில்லை.

காரணம் எளிது. தாய்மொழி வரிகள் திரையில் ஓடும்போது கண் பொருளை எடுத்துக்கொள்கிறது. காதுக்கு வேலை குறைகிறது. 2009இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் இருவரும் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் அமைந்த காட்சிகளைக் காட்டி இதை ஆராய்ந்தனர். ஆங்கில வரிகளுடன் பார்த்தவர்கள், பின்னர் கேட்ட புதிய வாக்கியங்களையும் நன்கு உணர்ந்தனர். டச்சு வரிகளோ அதற்கு இடையூறாகவே அமைந்தன. பேசும் மொழியிலேயே வரிகளும் வேண்டும் என்ற எண்ணம் பிரிஜ் கோத்தாரிக்கு 1996இல், ஸ்பானியம் கற்கும்போது ஸ்பானியப் படமொன்றைப் பார்க்கையில் தோன்றியது. இந்தியத் தொலைக்காட்சிப் பாடல்களில் வரிகளை ஓடவிட்டு எழுத்தறிவை வளர்க்கும் முயற்சி அதிலிருந்தே பிறந்தது.

இளைஞர் முறையை மாற்றினார். நாளுக்குப் பத்து நிமிடக் காட்சி ஒன்று போதும் என்று வைத்துக்கொண்டார். முதலில் ஆங்கில வரிகளுடன் பார்ப்பார். பின்பு வரிகளின்றிப் பார்ப்பார். மூன்றாம் முறை பாத்திரத்தோடு சேர்ந்து உரக்கப் பேசுவார். எழுத்தில் தனித்தனியாக நிற்கும் சொற்கள் பேச்சில் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது மெல்ல விளங்கியது.

அதனினும் பெரிய பாடம் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. ஆங்கிலமே தாய்மொழியான அந்தப் பாத்திரங்களும் "என்ன சொன்னீர்கள்?" என்று ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டனர், எவரும் அதற்காக நாணவில்லை.

அடுத்த கூட்டத்தில் வாடிக்கையாளர் விரைந்து பேசி முடித்தபோது, 'யெஸ்' நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மீண்டும் சொல்லுமாறு கேட்டார். மறுமுனையில் இருந்தவர் சற்றும் சலிக்காமல், நிதானமாகத் திரும்பச் சொன்னார்.